திம்புவில் ஒரே குரல், வவுனியாவில் சூடு

"ஒற்றுமை" எண்டு கதை தொடங்கினால் எங்கட பெரியாக்கள் நேரே திம்புவுக்குப் போயிடுவினம். 1985இல் ஆறு அமைப்புகள் ஒரே குரலில் பேசின இடம் அது. அந்தப் பேச்சு முறிஞ்சதில் வவுனியாவுக்கும் பங்கிருக்கு எண்டதை ஏனோ சொல்லாமல் விடுவினம்.

1984இல் டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எவ்., ஈரோஸ் மூன்றும் ஈழத் தேசிய விடுதலை முன்னணியை அமைத்தன. புலிகள் 1985 ஏப்ரலில்தான் சேர்ந்தார்கள். புளொட்டும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் வெளியே நின்றன. யூன் 18இல் யுத்தநிறுத்தம். போவதா, விடுவதா என்ற வாதம் இயக்கங்களுக்குள் பலமாகவே இருந்தது. கடைசியில் இந்தியாவின் அழுத்தம் வென்றது. ஆறு தரப்பும் பூட்டானுக்குப் போயின.

யூலை 13இல் நான்கு கோரிக்கைகளை வைத்தார்கள். தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு. நான்காவது, இந்தத் தீவைத் தம் நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. மேடைகளில் முதல் மூன்றைத்தான் முழங்குவார்கள். எனக்கு நான்காவதுதான் வவுனியாவின் கோரிக்கையாகத் தெரியுது. 1948 சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையக மக்களில் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கேதான் வந்தார்கள். காந்தீயம் அவர்களைக் குடியேற்றியது. அதை நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார்.

ஓகஸ்டில் இரண்டாம் சுற்று. ஜனாதிபதியின் தம்பி எச்.டபிள்யூ. ஜெயவர்த்தன தலைமையில் வந்த அரச குழு முதல் மூன்றையும் நிராகரித்தது. 16ஆம் திகதி வவுனியாவில் இராணுவம் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. அடுத்த நாளே ஆறு தரப்பும் கூட்டறிக்கை விட்டு வெளியேறின. அந்த முடிவு பிழையெண்டு நான் சொல்லமாட்டன். எங்கட சனம் செத்துக்கொண்டிருக்க எந்த முகத்தோடு மேசையில் இருப்பது?

ஆனால் இன்னொன்றும் உறுத்துது. தலைவர்களைக் கேட்டு முடிவெடுக்க திம்புவிலிருந்து சென்னைக்கு நேரடித் தொலைபேசி இணைப்பு இருந்தது. முன்னணியில் சேர்வது, பேச்சுக்குப் போவது, எழும்பி வருவது எல்லாம் அங்கே ஒரு சிலர் எடுத்த முடிவு. சுடுபட்ட ஊரை ஒருத்தரும் கேட்கவில்லை. கொழும்புக்கு முன்னால் ஒன்றாக நிற்கத் தெரிந்தவர்களுக்கு, ஊரில் தங்களுக்குள் வரும் பிணக்கைத் தீர்க்க ஒரு வழிமுறை இருக்கவில்லை. 1986 மே மாதம் டெலோ தலைவர் சிறீசபாரத்தினத்தைப் புலிகள் கொன்றார்கள். 1989இல் அமிர்தலிங்கம், 1990இல் பத்மநாபா.

நான்கில் நிறைவேறினது எண்டு சொல்லக்கூடியது அந்த நான்காவதுதான். அதுவும் 1988, 2003 சட்டங்களால். காந்தீயம் குடியேற்றிய சனத்தின் பேரப்பிள்ளைகளிடம் இண்டைக்கு அடையாள அட்டை இருக்கு. காணி உறுதி இல்லாமல் இருக்கிறவை இன்னும் இருக்கினம்.