பெட்டிக்குள் அடைபட்ட காற்று

மிருதங்கத்தின் தொப்பியில் எழுவது போன்ற மந்தர ஒலியை இசைத்தட்டிலிருந்து பழுதின்றிப் பெற விரும்பியோர், ஒருகாலத்தில் அலுமாரியளவு ஒலிபெருக்கிப் பெட்டிகளையே வீட்டில் வைத்தனர். அந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான எட்கார் வில்ச்சர்.

ஒலிபெருக்கியின் கூம்பைத் தாங்கிநிற்கும் விறைத்த விளிம்பே மந்தர ஒலியைத் திரிக்கின்றதென அவர் கண்டார். விளிம்பைத் தளர்த்திச் சிறுபெட்டியொன்றைக் காற்றுப் புகாது அடைத்துவிட்டால், உள்ளே அகப்பட்ட காற்றே சுருள்வில்லாகிக் கூம்பை மீட்கும். துணியினும் உலோகத்தினும் காற்று சீராக இயங்கவல்லது. நியூயோர்க் மாநிலத்து வூட்ஸ்டொக்கில், தம் இல்லத்திலேயே அவர் இதனைச் சோதித்தார். மெத்தையுறைத் துணியில் அந்நெகிழ்ந்த விளிம்பை வெட்டியமைத்தவர் மனைவியார் றோஸ்மேரி. பொறியியல் வரலாற்றில் இத்தகைய கைகளுக்கு இடம் கிடைப்பது அரிது.

ஒலிபெருக்கி உற்பத்தியாளர்களோ இக்கருத்தை வாங்க மறுத்தனர். ஆகவே, 1954இல், தம் முன்னாள் மாணவர் ஹென்றி குளொஸ்ஸுடன் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜில் வில்ச்சர் தாமே உற்பத்தியில் இறங்கினார். அவர்களது முதற்பெட்டியின் உட்கொள்ளளவு 2 கனஅடிக்கும் குறைவே.