மதகிலிருந்து மின்வால்வு வரை



"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார். ஆனா ஹாஸ்டல் சாப்பாட்டுக் கதை மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெயின்டெனன்ஸ் வேலையிலேயே காலத்தை ஓட்டியவனுக்கு வேறென்ன தெரியும்? வால்வு தெரியும். அதிலும் சோலினாய்டு வால்வு நன்றாகவே தெரியும். அதன் சரித்திரத்தை நம்ம புதுச்சேரித் தண்ணீரோடு சேர்த்துச் சொல்கிறேன்.

தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் தமிழனுக்குப் புதிதல்ல. பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், அடியில் ஒரு துவாரம், அதை அடைக்க ஒரு குமிழ். குமிழோடு சேர்ந்த தண்டைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும், இறக்கினால் நின்றுவிடும். துவாரம், அடைப்பான், தூக்க ஒரு விசை, இந்த மூன்றும்தான் வால்வு. இன்றைக்கும் அவ்வளவுதான். தூக்குகிற ஆள் மட்டும் மாறிவிட்டார்.

நம்ம ஊர் அரசு முத்திரையில் ஆயி மண்டபம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது தண்ணீருக்காக எழுந்த நினைவுச் சின்னம் என்பது பலருக்கு மறந்துபோச்சு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லாமைரெஸ் என்ற பிரெஞ்சு இஞ்சினியர் முத்திரைப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்கா நடுவே அந்த வெள்ளை மண்டபம் நிற்கிறது.

அதைவிட ஆச்சரியம் 1870-களின் பிற்பகுதியில் நடந்தது. பின்னாளில் சுதேசி மில் என்று பெயர் பெற்ற சவானா மில் வளாகத்தில் ஆழத் துளை போட்டார்கள். பம்பு இல்லாமலே தண்ணீர் மேலே பொங்கி வந்தது! இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-ல் இந்தப் பொங்கு கிணறுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மேற்கே மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணல் அடுக்குக்குள் இறங்குகிறது. கடலோரத்தில் அந்த மணலுக்கு மேலே களிமண் மூடி போட்டாற்போல இருக்கிறது. மூடியில் ஓட்டை போட்டால் அடியிலுள்ள அழுத்தம் தண்ணீரைத் தூக்கிவிடுகிறது. இந்த அழுத்தத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'சோலினாய்டு' என்ற பெயரும் பிரான்சிலிருந்து வந்ததுதான். 1820-களில் ஆம்பியர் என்ற மேதை சுருள் கம்பிக்கு வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் 'சோலென்' என்றால் குழாய். 1825-ல் இங்கிலாந்தில் ஸ்டர்ஜன் என்பவர் மின்காந்தம் செய்து காட்டினார். வால்வைத் தூக்கும் ஆளாக அந்தக் காந்தத்தை வைத்து, 1910-ல் அமெரிக்காவில் ஆட்டோமாடிக் ஸ்விட்ச் கம்பெனி சோலினாய்டு வால்வு தயாரித்தது.

வேலை செய்யும் விதம் எளிது. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளேயுள்ள இரும்புத் தண்டு, அதாவது பிளஞ்சர், மேலே இழுக்கப்படும், வழி திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் கீழே தள்ளும், வழி அடைபடும்.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். 25 மி.மீ. துவாரம், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் என்றால், அடைப்பானைத் தூக்கச் சுமார் 25 கிலோ விசை வேண்டும். சின்னக் காயில் அதைத் தூக்குமா? தூக்காது. அதே அழுத்தத்தில் 2 மி.மீ. துவாரமாக இருந்தால் 160 கிராம் போதும். இங்கேதான் பைலட் வால்வு என்ற சாமர்த்தியம் வருகிறது. பெரிய வழியை ஒரு ரப்பர் டயாஃப்ரம் மூடியிருக்கும். அதிலுள்ள சின்ன ஓட்டை வழியே தண்ணீர் மேல்பக்கமும் போய் நின்று அதை அழுத்திக்கொண்டிருக்கும். காயில் அந்தச் சின்னத் துவாரத்தைத் திறந்து மேல்பக்கத் தண்ணீரை வடித்துவிடுகிறது. மேலே அழுத்தம் குறைந்ததும், கீழேயுள்ள தண்ணீரே டயாஃப்ரத்தைத் தள்ளித் திறந்துகொள்கிறது!

ஆகவே தம்பிகளே, பைலட் வகையை ஒரு மீட்டர் உயரத் தொட்டிக்குக் கீழே மாட்டாதீர்கள். சாதாரணமாக அதற்கு அரை கிலோ அழுத்தமாவது, அதாவது ஐந்து மீட்டர் உயரமாவது வேண்டும். குறைந்த அழுத்தத்துக்கு நேரடி வகைதான் சரி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொழிற்சாலையில் ஒரே வால்வில் காயில் அடிக்கடி எரிந்துபோகும். மாற்றி மாற்றி அலுத்துப்போச்சு. வயசான ஃபோர்மேன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, காயிலைப் பாக்காதே, தண்ணியப் பாரு" என்றார். பைப்பிலிருந்து வந்த துரு, பிளஞ்சரைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தியிருந்தது. ஏ.சி. காயிலில் பிளஞ்சர் முழுதாக மேலே போய் உட்கார்ந்தால்தான் கரண்ட் இறங்கும். பாதியில் நின்றால் கூடுதல் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்து காயில் கருகும். வால்வுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரெயினர் மாட்டினோம், தீர்ந்தது தொல்லை.

வால்வு தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கரண்ட் போனால் இது எந்த நிலையில் நிற்கணும்?" என்பதுதான். பர்னருக்குப் போகும் கேஸ் லைன் என்றால் தானே மூடிக்கொள்ள வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் என்றால் திறந்தே நிற்க வேண்டும். திறப்பதற்காக மட்டும் வாங்குவதல்ல வால்வு. சரியான நேரத்தில் மூடுவதற்கும்தான்.

பூமிக்கு அடியில் நமக்கு அந்த மூடுகிற வால்வு இல்லாமல் போச்சு. பொங்கிய கிணறுகள் அடங்கி, மோட்டார் போட்டு உறிஞ்சும் போர்வெல்கள் பெருகின. நல்ல தண்ணீரின் அழுத்தம்தான் கடல்நீரை அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தது. டயாஃப்ரத்தின் மேல்பக்கத்தை வடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தோமல்லவா? அதேதான் இங்கேயும். நாம் இந்தப் பக்கம் வடித்தோம், கடல் அந்தப் பக்கமிருந்து தள்ளுகிறது. கடலோரப் பகுதிகளில் தண்ணீர் உப்பேறியது இப்படித்தான். இதைத் திரும்பத் தள்ளி மூட எந்தக் காயிலும் கிடையாது. மழைதான் மறுபடி அழுத்தம் ஏற்ற வேண்டும்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையாதீர்கள். நம்ம கல்லூரித் தொட்டிகள் நிரம்பியதும் தானே மூடிக்கொள்ளும் வால்வு, மொட்டைமாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் அமைப்பு, இரண்டையும் செய்து காட்டுங்கள். செலவுக்குப் பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம். ஸ்ட்ரெயினரை மட்டும் மறந்துடாதீங்க!