ஏறிய துடிப்பு இறங்கும் அந்த ஒரு நிமிடம்

போன மாதம் நம் பிளாக்கில் லிஃப்ட் ஓடாத மூன்று நாட்களும் ஐந்தாம் மாடிக்குப் படியேறியவர்களில் நானும் ஒருவன். வயது 52. மேலே வந்ததும் எல்லாரும் பேசியது மூச்சு வாங்கியதைப் பற்றித்தான். மருத்துவ வரலாறோ வேறொன்றைக் கேட்கிறது: நின்ற பிறகு படபடப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கியது?

1845-இல் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத்துடிப்பு குறைவதைக் காட்டினார்கள். அதுதான் இதயத்தின் கடிவாளம். ஓடும்போது தளரும், நின்றதும் இறுகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடத்தில் லூசியன் புரூஹா ஒரு எளிய சோதனையை வகுத்தார். 20 அங்குல மேடையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம், 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார வைத்து நாடியை எண்ணுவார்கள். ஆனால் அது இளைஞர்களின் உடல்தகுதியை அளக்கத்தான்.

நடுவயதுக்காரர்களுக்கான செய்தி 1999-இல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் டிரெட்மில் சோதனை செய்துகொண்ட 2,428 பேரை 6 ஆண்டுகள் கவனித்தார்கள். சராசரி வயது 57. உச்சத்திலிருந்து முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், இறப்பு அபாயம் இரு மடங்கு இருந்தது.

பாரிஸ் கதை இன்னும் உறைக்கும். 1967 முதல் 1972 வரை, நோய் அறிகுறி எதுவும் இல்லாத 42 முதல் 53 வயது ஆண் ஊழியர்கள் 5,713 பேரை சைக்கிள் மிதிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். அடுத்த 23 ஆண்டுகளில் 81 பேர் மாரடைப்பால் திடீரென இறந்தார்கள். முதல் நிமிடத்தில் 25 துடிப்புகூடக் குறையாதவர்களுக்கு அந்த அபாயம் சுமார் இரு மடங்கு. இது வெளியானது 2005-இல். சோதனை முறைகள் வேறு என்பதால் 12-ஐயும் 25-ஐயும் ஒப்பிடக் கூடாது.

இதில் ரத்தக்குழாய்க்கு என்ன வேலை? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் விரிவதைப் பார்த்தே அவை மூளைக்குச் செய்தி சொல்லும். வயது, புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றால் சுவர் விறைத்தால் செய்தி மங்கும், கடிவாளமும் சுணங்கும்.

நம் நாடியை நாமே எண்ணி நோய் முடிவு செய்ய முடியாது. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் கணக்கை மாற்றும். நெஞ்சுவலி இருந்தால் எண்ண வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்கள் அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றிக் கேளுங்கள். நல்ல செய்தியும் உண்டு: தொடர்ந்து பயிற்சி செய்தால் இந்த எண் மேம்படும்.

லிஃப்ட் சரியாகிவிட்டது. நான் இப்போதும் இரண்டு மாடியாவது படியேறுகிறேன்.