பரோக்: கோணல் முத்து கொடுத்த பெயர்

ஐரோப்பாவின் 17-ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்களையும், பாக், விவால்டி இசையையும் 'பரோக்' என்கிறார்கள். பெரிய கலைச் சொல் மாதிரி தெரியும். ஆனால் அது முத்து வியாபாரச் சொல்! போர்த்துகீசிய மொழியில் 'பர்ரோகோ' என்றால் உருண்டையாக இல்லாமல், புடைத்துக் கோணியிருக்கும் முத்து. அதற்கும் மூலம் லத்தீன் 'வெர்ருக்கா' என்பது ஒரு சாராரின் கருத்து. வெர்ருக்கா என்றால் மரு, தோலில் எழும் தடிப்பு. மேட்டு நிலத்தையும் குறிக்கும். (உள்ளங்காலில் வரும் மருவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதே பெயர்தான்.) இதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. முத்து விஷயத்தில் மட்டும் குழப்பமில்லை. 1694-இல் வந்த பிரெஞ்சு அகாதமி அகராதி, இச்சொல் உருண்டை குறைந்த முத்துக்கு மட்டுமே உரியது என்கிறது. பிறகு அது வசைச்சொல் ஆனது. 1734-இல் ராமோவின் இசை பிடிக்காதவர்கள் அதை 'பரோக்' என்று திட்டினார்கள். 1888-இல் வோல்ஃப்லின் எழுதிய நூலுக்குப் பின்னர்தான் அது கௌரவமான கலைப் பெயராக நிலைத்தது.

போர்த்துகீசியர் 1530-களில் தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் காலூன்றினார்கள். 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் நூலில், முத்துகளைப் பற்றிய பகுதியில் இந்தச் சொல் வருகிறது. அதற்காக இங்கே பிறந்த சொல் என்று பெருமைப்பட முடியாது. ஐரோப்பாவில் முன்பே புழங்கியதுதான்.

நம்மவர்களிடம் அதற்கும் 500 ஆண்டு பழைய பட்டியலே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, கறடு என்று பிரிக்கின்றன. கறடு என்றால் தரம் குறைந்த முத்து. குன்றைக் 'கரடு' என்கிறோம், மேடுபள்ளத்தைக் 'கரடுமுரடு' என்கிறோம். ர, ற வேறுபாடு இருப்பதால் ஒரே சொல் என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் வெர்ருக்காவும் மேட்டையும் மருவையும் சேர்த்துக் குறித்தது நினைவுக்கு வருகிறது. இதில் அழகு என்னவென்றால், கறட்டை யாரும் ஒளித்து வைக்கவில்லை. சாமி நகையில் கோத்து, எண்ணி, எடை போட்டு, கல்லிலேயே வெட்டினார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே வட்டமா கறடா என்பது குளித்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மூச்சடக்கியது மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் அங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி கே. அழகர்சாமி, சிப்பிக்குள் உருண்டை மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார். உருண்டை மணியை வைத்தாலும் எல்லா முத்தும் உருண்டையாக விளைவதில்லை. கோணியவற்றை நகைக்கடைகள் 'பரோக் முத்து' என்ற பெயரிலேயே விற்கின்றன.