ரெட்டிச் ஊசியும் திருவொற்றியூர் புல்லட்டும்

புல்லட் தெருமுனையில் திரும்பும்போதே காது சொல்லிவிடும், வருவது எது என்று. ரோந்து போகும் இன்ஸ்பெக்டர் ஓட்டினாலும், லடாக்குக்கு மூட்டை கட்டும் ஐ.டி. இளைஞர் ஓட்டினாலும் அந்த டுப்-டுப் சத்தம் ஒன்றுதான். ராயல் என்ஃபீல்டின் பழைய சின்னத்தில் ஒரு பீரங்கி இருப்பதையும் பலர் கவனித்திருப்பார்கள். அந்தப் பீரங்கியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் முதலில் கையில் தட்டுப்படுவது ஒரு தையல் ஊசி.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் ஊசிக்குப் பேர் போனது. அதன் பக்கத்தில் ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் 1851-இல் ஊசிப் பட்டறை போட்டார். நுணுக்கமான இரும்பு வேலை கைவந்திருந்ததால், சைக்கிள் மோகம் பரவியதும் பட்டறை சைக்கிள் உதிரிபாகங்களுக்குத் தாவியது. பிறகு பணமுடை. 1891-இல் நிர்வாகம் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் இருவர் கைக்கும் போனது. இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு யோகம் அடித்தது: மிடில்செக்ஸில் உள்ள என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம். அந்தப் பெருமையில் ஊர்ப்பேரையே கம்பெனிக்குச் சூட்டினார்கள். தொழிற்சாலையின் பேரில் இருந்த ‘ராயல்’ என்ற அடைமொழியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ‘துப்பாக்கி போலச் செய்யப்பட்டது’ என்ற விளம்பர வாசகமும் அப்போதே பிறந்தது. விற்றதென்னவோ சைக்கிள். முதல் மோட்டார் சைக்கிள் வந்தது 1901-இல்.

அந்த ஊர்ப்பேர் நம் வரலாற்றில் அதற்கு முன்பே ஏறிவிட்டது. 1857-இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்காக வந்தவை. நூறு வருஷம் கழித்து அதே பேர் தாங்கிய வண்டியைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் விரும்பிக் கேட்டு வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

புல்லட் என்ற பேர் 1932-இல் வந்தது. ஆனால் போர்க்காலத்தில் இந்தக் கம்பெனிக்குப் புகழ் சேர்த்தது ஒரு குட்டி வண்டி, அதுவும் ஒரு நகல். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. வண்டிகளை ஹாலந்தில் விற்றுவந்தது யூதர்களின் நிறுவனம். நாஜிகள் ஆட்சியில் அந்த விற்பனை உரிமை பறிபோனது. வியாபாரிகள் நேரே ராயல் என்ஃபீல்டிடம் போய், அதே மாதிரி ஒரு வண்டி செய்து கொடுங்கள் என்றார்கள். அப்படிப் பிறந்த 125 சிசி வண்டியைத்தான் பிரிட்டிஷ் படை இரும்புக்குழாய்க் கூண்டில் வைத்து பாராசூட்டில் இறக்கியது. அதற்கு ‘ஃப்ளையிங் ஃப்ளீ’, அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று பேர்.

போர் முடிந்ததும் புல்லட்டுக்குப் புது உடம்பு. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த அமைப்பைப் பலர் நம்பாத காலம் அது. 1948-இல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் அந்தப் புது புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின. சென்னையில் சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அப்போது பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்கு ராணுவம் வண்டி கேட்க, புல்லட்டுகள் கப்பலேறி வந்தன. கரடுமுரடான பாதையில் தாக்குப்பிடித்தன. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் பழுது பார்க்க முடிந்தது. 1955-இல் ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இடம், திருவொற்றியூர்.

அந்த வட்டாரம் அப்போதே பட்டறை பூமி. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை அங்கே. 1946-இல் மாம்மென் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தது அங்கே. அந்தக் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். 1956-இல் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி 163 புல்லட்டுகளை இறக்கினார்கள் திருவொற்றியூர்க்காரர்கள். அடுத்த ஆண்டு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ரெட்டிச் வண்டிகள் விற்றன, ‘இந்தியன்’ என்ற பேரில்! ஸ்பிரிங்ஃபீல்டின் பழம்பெரும் இந்தியன் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியிருந்ததால், 1955 முதல் சில வருஷம் ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கே அந்தப் பேரை எழுதி விற்றார்கள்.

ரெட்டிச் தன் வண்டிகளை மாற்றிக்கொண்டே போனது. 1967-இல் அந்த ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டே இல்லை. திருவொற்றியூரோ 1955 அச்சிலேயே வார்த்துக்கொண்டிருந்தது. லைசென்ஸ் காலம், இறக்குமதிக்குத் தடை, கிடைத்ததை வாங்கக் காத்திருக்கும் ஜனம்; மாற்றவேண்டிய நெருக்கடியே எழவில்லை. அதனால்தான் வண்டி பிழைத்தது. 1977-இல் அதே புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு வித்தை. முகப்பு விளக்கின் இரு பக்கமும் புலிக்கண் போலச் சின்ன விளக்குகள், மேலே அம்மீட்டர். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டர் முள் ஆடும். முள் நடுவுக்கு வந்து நின்றால் பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரெஸர் பிடியை இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு இம்மி இறக்கி, பிடியை விட்டுவிட்டு, கால் முழுக்க வைத்து ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பிரேக் இடது காலில், கியர் வலது காலில் என்பதால் வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் முதல் சந்திப்பில் தடுமாறுவார்.

1990-களில் டீசல் புல்லட்டும் ஓடியது. கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சிசி எஞ்சின். வேகம் குறைவு, மைலேஜ் அபாரம். 1994-இல் ஐஷர் குழுமம் இந்தக் கம்பெனியை முழுவதுமாகக் கையிலெடுத்தது. 2000-இல் இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தபோது பொறுப்பேற்ற சித்தார்த்த லாலுக்கு வயது 26. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். உதவியோடு புது எஞ்சின், பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய எஞ்சின், கியர் இடது காலுக்கு, செல்ஃப் ஸ்டார்ட், டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ். என்று உள்ளே ஒவ்வொன்றாக மாறியது. கண்ணீர்த்துளி டேங்க்கையும் புலிக்கண்ணையும் மட்டும் தொடவில்லை.

நிஜத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. விசைக்குக் கீழே உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் வின்செஸ்டர், மார்லின் வகை ரைஃபிள்களைக் கௌபாய் படங்களில் பார்த்திருப்போம். இப்போது அவற்றுக்குக் கருநிற பாலிமர் கட்டை, அலுமினியப் பிடி, தொலைநோக்கி மாட்டத் தண்டவாளம், சத்தம் அடக்கும் குழலைப் பொருத்த மறை என்று ராணுவக் கோலம் பூட்டுகிறார்கள். உள்ளே வேலை செய்வது அதே பத்தொன்பதாம் நூற்றாண்டு நெம்புகோல். அங்கே தோல் புதிது, குடல் பழசு. புல்லட்டில் குடல் புதிது, தோல் பழசு. வாங்குகிறவர் எதைப் பிரிய மனமில்லாமல் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. புல்லட்காரருக்கு டேங்க்கின் பொன்கோடு முக்கியம். திருவொற்றியூரில் அதை அச்சுத்தகடு இல்லாமல் கையால்தான் இழுத்தார்கள். தூரிகையில் சாயம் தோய்த்து, சுண்டுவிரலை டேங்க்கில் ஊன்றி, வளைவு முடியும்வரை எடுக்காமல் ஒரே வீச்சு.

உற்பத்தி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் பெருகிப் போனது. 2015-இல் இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற சட்டக நிறுவனத்தை ராயல் என்ஃபீல்டு வாங்கியது. லெஸ்டர்ஷயரில் ஆய்வு மையமும் வைத்தது. சென்னைக் கம்பெனியிடம் இன்று ஆங்கிலேயப் பொறியாளர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். 2023-இல் வந்த புல்லட்டில் 349 சிசி புது எஞ்சின். 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் கம்பெனி தன் முதல் மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்டியது. பேர், ஃப்ளையிங் ஃப்ளீ.