வேஷத்துக்குக் கைதட்டல், நிஜத்துக்குச் சிரிப்பு

பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேக்காதீங்க. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வச்சுட்டுத்தான் இதை எழுதுறேன்.

எங்க சிதம்பரத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். தில்லைக்குப் போகணும்னு ஏங்கின நந்தனார் கதை எல்லாருக்கும் தெரியும். 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாரா நடிச்சது யார் தெரியுமா? கே.பி. சுந்தராம்பாள்! ஆண் வேடம் போட்ட அவருக்குச் சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நினைச்சுப் பாக்க முடியாத தொகை.

மேடையில் இதுக்கு நேர் எதிர். 1918ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பையன்களை வச்சு நாடக சபை ஆரம்பிச்சார். இந்த மாதிரி 'பாய்ஸ் கம்பெனி'களில் ஸ்திரீபார்ட் போட்டது எல்லாம் பையன்கள்தான். சிவாஜி கணேசன் சின்ன வயசில் சீதையா நடிச்சார். டி.கே. சண்முகம் ஔவையாரா நடிச்சு, அந்தப் பேரே அவருக்கு ஒட்டிக்கிச்சு. கமலின் 'அவ்வை சண்முகி' (1996) தலைப்பு அவரை நினைச்சு வச்சதுதான். எங்க பக்கம் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுறதும் ஆம்பளைங்கதான். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரா பௌர்ணமிக்குத் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கிறாங்க.

ஆக, நம்ம ரசிகர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. அப்புறம் ஏன் திரையில் தன்பாலின ஈர்ப்பாளர் வந்தாலே ஒண்ணு காமெடி, இல்லேன்னா வில்லன்? 'வேட்டையாடு விளையாடு' (2006) கொலைகாரர்களை அப்படித்தான் சந்தேகமாக் காட்டுச்சு. 'ஐ' (2015) படத்துக்குத் திருநங்கைகள் போராட்டமே நடத்தினாங்க. 'கோவா' (2010) ஒரு ஆண் ஜோடியைக் கதைக்குள்ள கொண்டுவந்தது, ஆனா சிரிப்போடதான். 'சூப்பர் டீலக்ஸ்' (2019) ஷில்பாவுக்காக விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது. அதுவும் வேஷம்தானே!

கொரியாவிலும் இதே கதைதான். பாப் குழுவில் ரெண்டு பையன்களை ஜோடி சேர்த்து ரசிகைகள் கதை எழுதுவாங்க, மேடையில் அவங்க கட்டிப்பிடிச்சா அலறுவாங்க. ஆனா 2000ல் நடிகர் ஹோங் சோக்சோன் தன்னைப் பத்தின உண்மையைச் சொன்னதும் டிவி வாய்ப்புகள் போச்சு. 2018ல்தான் ஹாலந்துன்னு ஒரு பாடகர் முதல் பாட்டிலேயே வெளிப்படையா வந்தார். கற்பனையா இருந்தா ஆர்ப்பாட்டம், நிஜம்னா முகச்சுளிப்பு. இங்கயும் அதேதான்.

சட்டம் கொஞ்சம் முன்னாடி போயிருக்கு. தமிழ்நாட்டில் 2008லேயே திருநங்கைகள் நல வாரியம் வந்தது. 377ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009ல் தளர்த்தியது, உச்ச நீதிமன்றம் 2013ல் அதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6ல் அதே உச்ச நீதிமன்றம் இது குற்றம் இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா ரெண்டு நடிகர்களோட ரசிகர்கள் நெட்டில் சண்டை போட்டா, முதல்ல வர்ற வசவு எதுன்னு உங்களுக்கே தெரியும்.

நானும் யோக்கியன் இல்லை. ஹாஸ்டல்ல ஒரு நாள் அப்படிப்பட்ட காமெடி சீன் பாத்து ரூமே அதிர சிரிச்சோம். ஒருத்தன் மட்டும் சிரிக்கலை. எழுந்து வெளியே போயிட்டான். ரெண்டு மாசம் கழிச்சு, ராத்திரி டீக்கடையில், ஏன்னு சொன்னான். "நீயும் சிரிச்சேல்ல?"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியலை. அன்னிக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்க எழுதியிருக்கேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.