பவர் பட்டன்: சுவிட்ச் மனுவாக மாறிய கதை

நம் போனின் பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டன் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் அது உட்காரவே இல்லை. அதை அழுத்தினால் உள்ளே ஒரு சிப்புக்கு "யாரோ கூப்பிடுகிறார்கள்" என்று தகவல் போகும், அவ்வளவுதான். எழுப்புவதா, தூங்க வைப்பதா, அணைப்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு சிப்பும் மென்பொருளும் பேசி முடிவு செய்வது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால், பட்டன் கெட்டுப்போன போனை ஏன் பல நாள் ஓட்ட முடிகிறது, எந்த இடத்தில் அது கையை விரிக்கும் என்பதும் புரியும்.

ஆரம்பத்தில் சுவிட்ச் என்றால் சுவிட்ச்தான். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-ல் ஒரு சுவிட்ச் செய்தார். அதற்கு முன்பு இருந்தவற்றில் இரண்டு உலோகத் துண்டுகளை மெதுவாகப் பிரிக்கும்போது நடுவில் தீப்பொறி தாவி, உலோகத்தையே அரித்துவிடும். ஹோம்ஸ் ஸ்பிரிங் வைத்து அந்தப் பிரிவைச் சட்டென்று நடக்கச் செய்தார். நம் வீட்டுச் சுவரில் 'டக்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தத்தின் பாட்டன் இதுதான். விரல் எவ்வளவு சோம்பேறித்தனமாக நகர்ந்தாலும் சுவிட்ச் வேகமாகவே நகரும்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலும் இதே கதைதான். பெட்டியின் பக்கவாட்டில், பின்பக்கமாக, பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். தட்டினால் கரண்ட் போய்விடும். மென்பொருளுக்கு அதில் பேச்சே இல்லை. விண்டோஸ் 95 காலத்தில் கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கு ஒரு கறுப்புத் திரை ஞாபகம் இருக்கும். "இப்போது நீங்கள் கணினியை அணைக்கலாம்" என்கிற பொருளில் ஆரஞ்சு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். தன்னைத்தானே அணைத்துக்கொள்ள அந்தக் கணினிக்கு வழி இல்லாததால், நம்மிடம் பவ்யமாகக் கேட்டுக்கொண்டது.

அதே 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பு இதைத் தலைகீழாக்கியது. பவர் சப்ளை எப்போதும் கொஞ்சம் உயிரோடு, 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். முகப்பில் இருக்கும் பட்டன் மதர்போர்டுக்கு சிக்னல் மட்டும் கொடுக்கும். இனி அணைப்பது மென்பொருளின் வேலை. மென்பொருள் உறைந்துவிட்டால்? நாலு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஹார்டுவேரே அணைத்துவிடும் என்று ஒரு பின்வாசல் வைத்தார்கள். பட்டன் மனு கொடுக்கும் இடமாக மாறியதும், மனு தள்ளுபடியானால் சட்டையைப் பிடித்து உலுக்க ஒரு வழி வைத்ததும் கிட்டத்தட்ட ஒரே காலம்தான்.

பட்டன் மேல் இருக்கும் வட்டமும் கோடும்கூட இதற்குச் சாட்சி. கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். கோடு வட்டத்தை உடைத்துக்கொண்டு நிற்கும் குறி முதலில் 'ஸ்டேண்ட்பை', அதாவது முழுக்க அணையவில்லை என்பதற்கு. 2004-ல் ஐஇஇஇ தரநிர்ணயம் ஒன்று அதையே பொதுவான 'பவர்' குறியாக ஏற்றது. உண்மையாகவே அணைகிற கருவிகள் அருகிவிட்ட காலத்தில், பொருத்தமான தேர்வு.

போனுக்குள் வருவோம். பிளாஸ்டிக் பட்டனுக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு சுவிட்ச். அதற்குள் குவிந்த சின்ன உலோகத் தகடு. அழுத்தினால் குழிந்து தொடும், விட்டால் எழும்பும். அது காகிதம்போல மெல்லிய ஃப்ளெக்ஸ் பட்டையில் ஒட்டியிருக்கும். சுவிட்சுகளுக்கு ஆயுள் உண்டு. சாதாரண ரகங்களுக்கு ஒரு லட்சம் அழுத்தல் என்கிற அளவில் கணக்கு தொடங்கும். பழைய பட்டன் போனை வாரத்துக்கு ஒருமுறை அணைத்திருப்போமா? ஸ்மார்ட்போனில் மணி பார்க்கக்கூட அதே பட்டன். ஒரு நாளைக்கு 80 தடவை என்று வைத்தால் மூன்று வருடத்தில் 87,600. கையில் வியர்வை, பையில் தூசி. தேயாமல் என்ன செய்யும்?

இது பெரிய கம்பெனிகளுக்கும் நடந்தது. ஐபோன் 5-ல், 2013 மார்ச் வரை தயாரான சில போன்களில் மேல் பட்டன் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் 2014 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தது. பட்டனே வேண்டாம் என்ற திசையிலும் முயற்சிகள் நடந்தன. நோக்கியா என்9 (2011) திரையை இரண்டு தட்டு தட்டினால் விழித்துக்கொண்டது. எல்ஜி ஜி2 (2013) பட்டனை முதுகுக்குக் கொண்டுபோனதோடு, தட்டி எழுப்பும் வசதியையும் தந்தது. பட்டன் வெறும் மனுதான் என்பதால், திரையும் அதே மனுவைக் கொடுக்கலாம்.

ஆனால் சுமை குறையவில்லை, கூடியது. இந்தியாவில் 2016-ல் வந்த விதிப்படி ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். சாதா போனில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்த வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காக வந்த விதி. நல்ல எண்ணம்தான். ஆனால் போனிலேயே அதிகம் தேய்கிற பாகத்தின் மேல்தான் அதை ஏற்றினார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: பிரிட்டனில் 2023-ல், ஆண்ட்ராய்டின் ஐந்து அழுத்தல் வசதியால் 999-க்குத் தவறான அழைப்புகள் குவிவதாகக் காவல்துறையே சொன்னது.

எங்கள் சித்தியின் போனில் பட்டன் உள்ளே அமுங்கி ஆறு மாதம் ஆகிறது. "சார்ஜ் மட்டும் சாகக்கூடாதுடா, அப்புறம் எழுப்பறது யாரு?" என்பார். மிகச் சரியான புரிதல். உயிரோடு இருக்கும்வரை இரட்டைத் தட்டல், கைரேகை, சார்ஜர் செருகுவது, திரையில் மிதக்கும் மெனு என்று எழுப்பவும் பூட்டவும் பல வழி. ஐபோனில் அசிஸ்டிவ் டச், ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை மெனு. செத்துவிட்டால் வழி குறைவு. ஐபோன் சார்ஜரில் போட்டால் தானே எழும். ஆண்ட்ராய்டில் சில மாடல்களில் வால்யூம் கீழ் பட்டனைப் பிடித்தபடி கேபிள் செருகினால் பூட்லோடர் வரும், அங்கிருந்து எழுப்பலாம். உறைந்துபோனால் நீள அழுத்தல் என்ற பின்வாசலும் இல்லை. பேட்டரி தீரும்வரை காத்திருப்பதுதான். பட்டன் அமுங்கியே தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: சிப் அதை நீள அழுத்தலாக எடுத்துக்கொண்டு போனைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யும். அப்படி ஆரம்பித்துவிட்டால் தள்ளிப்போடாமல் கடைக்குப் போவது நல்லது. பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் மாற்றினால் தீர்ந்துவிடும்.

சித்தி கடைக்குப் போகிறவரைக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இரட்டைத் தட்டலை ஆன் செய்து, பூட்டுத் திரையில் 'அவசரம்' என்பதைத் தொட்டு 112 அடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். கடைசி எண்ணுக்குப் பிறகு பச்சைப் பொத்தானைத் தொடாமல், மூன்று முறை செய்து பார்த்தார்.